பல் வைத்தியத்துக்கு விமானம் ஏறுபவருக்காக ஓர் இணையதளம்: ‘பயனர் மையம்’ என்பது என்ன?

வெளிநாட்டு நோயாளிகளை எதிர்பார்க்கும் சென்னைப் பல் கிளினிக்குகளின் இணையதளங்களை வரிசையாகத் திறந்து பாருங்கள். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை போலவே இருக்கும். மேலே வெண்பற்கள் தெரியச் சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண், அடுத்து டாக்டர் விருது வாங்கும் படம், பளபளக்கும் நாற்காலி, ‘உலகத் தரம்’ என்ற வரி. ஓரத்தில் ஒரு வாட்ஸ்அப் பொத்தான் குதித்துக்கொண்டே இருக்கும். இதை வடிவமைத்தவர் கொடுத்த கொட்டேஷனில் ‘யூசர் சென்டர்டு டிசைன்’, அதாவது பயனர் மைய வடிவமைப்பு, என்று ஒரு வரியும் அநேகமாக இருந்திருக்கும்.

பார்க்க நீட்டாக இருக்க வேண்டும், மொபைலில் ஓட வேண்டும், பொத்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள் என்று பலரும் நினைக்கிறார்கள். இவையெல்லாம் வேண்டியவைதான், ஆனால் கடைசியில் வருபவை. முதலில் வருவது வேறு. அதைப் பல் சிகிச்சைச் சுற்றுலா என்ற ஒரே உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

## பத்திரிகையும் விருந்தாளியும்

கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பாட்டி பெயர், மாமன்மார் படிப்பு, அவர்கள் பார்க்கும் வேலை எல்லாம் இருக்கும். அது வீட்டாரின் பெருமை, இருக்க வேண்டியதுதான். ஆனால் வெளியூரிலிருந்து வருபவர் தேடுவது மூன்றே விஷயம்: முகூர்த்தம் எத்தனை மணிக்கு, மண்டபம் எங்கே, எந்த பஸ் ஸ்டாப்பில் இறங்குவது. மண்டபத்தின் பெயர் கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்தால் அவர் போன் போட்டுத்தான் கேட்பார்.

பெரும்பாலான கிளினிக் தளங்கள் வீட்டார் எழுதிய பத்திரிகைகள். வருபவர் கேள்வியிலிருந்து தொடங்கி எழுதினால் அது பயனர் மைய வடிவமைப்பு. முறையாகச் சொன்னால்: பயன்படுத்தப்போகிறவர் யார், எந்தச் சூழலில் இருக்கிறார், என்ன காரியத்துக்காக வருகிறார் என்று தெரிந்துகொள்வது; அதிலிருந்து அவருக்கு என்னென்ன தேவை என்று எழுதுவது; அதற்கேற்ப வடிவமைப்பது; வடிவமைத்ததை அவரிடமே கொடுத்துச் சோதித்துத் திருத்துவது. டொனால்ட் நார்மன் என்ற அமெரிக்க அறிவியலாளர் 1980-களில் பரவலாக்கிய இந்த அணுகுமுறைக்கு ஐஎஸ்ஓ 9241-210 என்று ஒரு சர்வதேசத் தர ஆவணமே இருக்கிறது. 2010-இல் வந்தது, 2019-இல் புதுப்பிக்கப்பட்டது. மேலே சொன்ன நான்கு வேலைகளும் அதில் இருப்பவைதான். நிறமும் எழுத்துருவும் மூன்றாவது வேலையில்தான் தலைகாட்டுகின்றன என்பதைக் கவனியுங்கள்.

## யார் வருகிறார்கள்?

அமெரிக்கர்கள் கலிஃபோர்னியா எல்லையைத் தாண்டி மெக்சிகோவின் லாஸ் அல்கொடோனெஸுக்குப் போகிறார்கள். அந்தச் சிற்றூரில் பல் மருத்துவர்கள் அவ்வளவு பேர் இருப்பதால் அதற்குக் ‘கடைவாய்ப்பல் நகரம்’ என்றே பட்டப்பெயர். ஆஸ்திரியாக்காரர்கள் ஹங்கேரிக்கும் பிரிட்டிஷ்காரர்கள் துருக்கிக்கும் போகிறார்கள். காரணம் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றே: சொந்த நாட்டில் பல் வைத்தியச் செலவு அதிகம், காப்பீடு முழுதாகக் கை கொடுக்காது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர்கூட வழக்கமான பல் சிகிச்சைக்குப் பொதுவாகப் பணம் தருவதில்லை.

சென்னைக்கு வருபவர்களில் நம்மவர்கள் நிறைய. லண்டன், டொராண்டோ, சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்து விடுமுறைக்கோ விசேஷத்துக்கோ வருபவர்கள், கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வைத்தியத்துக்கென்றே வருபவர்கள். இங்கே வடிவமைப்பாளர் தவறவிடும் ஒன்று உண்டு. தளத்தைப் படிப்பவரும் நாற்காலியில் உட்காரப்போகிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. அம்மாவுக்குப் பல் கட்ட வேண்டும். இரவு பதினொரு மணிக்குப் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு போனில் தேடுவது டொராண்டோவில் இருக்கும் மகள். செலவையும் லீவையும் டிக்கெட்டையும் அவள் கணக்குப் போடுகிறாள். வலிக்குமா, சர்க்கரை இருக்கிறதே பரவாயில்லையா, இத்தனை நாள் எதைச் சாப்பிடுவது என்று அம்மா கேட்கிறார். தளத்துக்குப் பயனர்கள் இரண்டு பேர்.

அதனால் ‘இந்தப் பக்கத்தை அம்மாவுக்கு அனுப்பு’ என்று ஒரு பொத்தான் இருந்தால் அது அலங்காரம் இல்லை. அந்தப் பொத்தானைத் தொட்டால் போகும் பக்கம் தமிழில், பெரிய எழுத்தில், விலைப்பட்டியல் இல்லாமல் இருப்பது நல்லது.

இதுவரை பார்த்தது: பயனர் மையம் என்பது தோற்றத்தின் பெயர் அல்ல, வேலை நடக்கும் வரிசையின் பெயர். முதல் வேலை, வருபவர் யார் என்று தெரிந்துகொள்வது. இங்கே அது பெரும்பாலும் இரண்டு பேர்.

## எலும்பு போட்ட கால அட்டவணை

அடுத்த வேலைக்குப் பயனர் பயண வரைபடம் என்று பெயர். முதல் தேடலிலிருந்து காரியம் முடிந்து பல மாதம் வரை அவர் எந்தெந்தக் கட்டத்தைத் தாண்டுகிறார், ஒவ்வொன்றிலும் என்ன செய்கிறார், எங்கே தயங்குகிறார் என்று வரிசையாக எழுதிய ஒரு தாள், அவ்வளவுதான். மற்ற தொழில்களில் இதை அங்கே இங்கே வளைக்கலாம். பல் சிகிச்சைச் சுற்றுலாவில் முடியாது, ஏனென்றால் இந்த வரைபடத்தின் பாதியை உடம்பே வரைந்துவிடுகிறது.

இம்ப்ளான்ட்டைப் பாருங்கள். போன பல்லின் இடத்தில் தாடை எலும்புக்குள் ஒரு டைட்டேனியத் திருகைப் பதிக்கிறார்கள். டைட்டேனியத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்பதை ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனெமார்க் 1952-இல் முயல்களை வைத்து வேறு எதையோ ஆராயும்போது கவனித்தார். அவர் மனிதருக்கு முதன்முதலாக அப்படிப் பல் பதித்தது 1965-இல். அந்த ஒட்டுதல் உறுதிப்படப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். அதன் பிறகுதான் நிரந்தரப் பல்லை மேலே மாட்டுவார்கள். சிலருக்குத் திருகு பதித்த சில நாளிலேயே பல் வைக்க முடியும், ஆனால் அது பெரும்பாலும் தற்காலிகப் பல்தான்.

லண்டனிலிருந்து வருபவருக்கு இதன் பொருள் என்ன? இரண்டு பயணம், இரண்டு டிக்கெட், இரண்டு லீவு. இந்த ஒரு செய்தி அவருடைய முழுக் கணக்கையும் மாற்றிவிடும். அப்படியிருந்தும் பல தளங்களில் இது கேள்வி-பதில் பக்கத்தின் அடியில் கிடக்கிறது, அல்லது கிடைப்பதே இல்லை. அட்வான்ஸ் கட்டிய பிறகு போனில் தெரியவருகிறது.

மற்ற சிகிச்சைகளின் கணக்கு வேறு. ரூட் கெனால் ஒன்று முதல் மூன்று சிட்டிங்கில் முடியலாம். கேப் போடுவதென்றால் பல்லைச் செதுக்கி அளவெடுத்து லேபுக்கு அனுப்பி, வந்ததைப் பொருத்திப் பார்த்துத் திருத்த வேண்டும், ஒரு வாரத்தைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. மேல்தாடையில் எலும்பு போதாமல் சைனஸ் லிஃப்ட் (சைனஸ் அறையின் அடியை உயர்த்தி எலும்பு நிரப்புவது) செய்தால் சில வாரங்களுக்கு விமானத்தில் பறக்க வேண்டாம் என்பார்கள்.

அதனால் முகப்பில் முதலில் இருக்க வேண்டியது சிகிச்சைகளின் பட்டியல் அல்ல. ‘சென்னையில் எத்தனை நாள் இருப்பீர்கள்?’ என்ற கேள்வி. ‘10 நாள்’ என்று தொட்டால், இந்த நாட்களில் முடியக்கூடியவை எவை, தொடங்க மட்டும் முடிந்தவை எவை, அவற்றுக்கு மறுபடி எப்போது வர வேண்டும் என்று மூன்று வரியில் பதில் வர வேண்டும். அதனுடனேயே, வாயைப் பார்த்த பிறகு இந்தக் கணக்கு மாறலாம் என்ற வரியும் அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். நட்சத்திரக் குறி போட்டு அடியில் ஒளித்து வைத்த எச்சரிக்கை யாருக்கும் எச்சரிக்கை ஆகாது.

## விலை: மூன்று துண்டுகளும் சில ‘ஒருவேளை’களும்

இம்ப்ளான்ட் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது மூன்று துண்டு: எலும்புக்குள் போகும் திருகு, அதன் மேல் நிற்கும் இணைப்புத் தண்டு, வெளியே தெரியும் பல். ‘இம்ப்ளான்ட் இவ்வளவு ரூபாய் முதல்’ என்று போட்டால் அது திருகுக்கு மட்டுமா, மூன்றுக்குமா? உள்ளூர்க்காரர் நேரில் கேட்டுக்கொள்வார். டிக்கெட் எடுத்து வந்தவருக்குத் திரும்பிப் போக இடமில்லை, அதனால் அவருக்கு இதே மௌனம் ஏமாற்று வேலையாகத் தெரியும். கிளினிக்கின் எண்ணம் நல்லதாகவே இருந்தாலும் அப்படித்தான் தெரியும்.

விலைப் பக்கத்தில் மொத்தத் தொகை மேலே, அதன் உடைப்பு கீழே. அடுத்து ‘ஒருவேளை தேவைப்பட்டால்’ என்று தனி வரிசை: எலும்புப் பவுடர் வைப்பது, ஈறு சிகிச்சை, கூடுதல் ஸ்கேன். ரூபாயோடு அவர் நாட்டுப் பணத்திலும் காட்டுங்கள், எந்தத் தேதி மாற்று விகிதம் என்பதையும் போடுங்கள். தேதியை ‘5 ஆகஸ்ட்’ என்று எழுத்திலேயே எழுதுங்கள். 05/08 என்று போட்டால் நியூ ஜெர்சியில் இருப்பவருக்கு அது மே 8.

பெயர்க் குழப்பம் விலைக் குழப்பத்தைவிட ஆபத்தானது. துருக்கிக்குப் போன பிரிட்டிஷ் இளைஞர்கள் சிலர் வினீர் வைக்கப்போகிறோம் என்று நம்பிப் போய், கேப்போடு திரும்பினார்கள். வினீர் என்பது பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய தகடு. பல்லை அதிகம் சீவ வேண்டியதில்லை. கேப்புக்குப் பல்லைச் சுற்றிலும் செதுக்கிக் குச்சியாக்க வேண்டும், செதுக்கிய பல் திரும்ப வளராது. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும். பிரிட்டிஷ் பல் மருத்துவச் சங்கம் இதைப் பற்றி எச்சரித்தது. ‘முன்-பின்’ சிரிப்புப் படம் பத்து போடும் தளம், செதுக்கிய பல் எப்படி இருக்கும் என்ற கோட்டோவியம் ஒன்றாவது போட்டால், ஒப்புக்கொள்பவர் எதற்கு ஒப்புக்கொள்கிறார் என்று தெரிந்து ஒப்புக்கொள்வார்.

சுருக்கமாக: பயனர் பயணத்தை எழுதிப் பார்த்தால் எந்தத் தகவல் எந்தக் கட்டத்தில் தேவை என்பது தானாக விழும். டிக்கெட் எடுக்கும் முன் நாட்கள், பயணங்கள், மொத்தச் செலவு, செய்தால் திருப்ப முடியாதவை. டாக்டர் வாங்கிய விருது அதற்கப்புறம்.

## பதினான்காம் பல் எது?

இப்போது ஒரு சின்ன இடத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ‘எங்களுக்கு எழுதுங்கள்’ படிவம். பெயர், இமெயில், போன், ‘உங்கள் பிரச்சினை’ என்று ஒரு பெரிய பெட்டி.

அமெரிக்காவில் இருப்பவர் தன் டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து ‘பல் எண் 14, இம்ப்ளான்ட் வேண்டும்’ என்று அடிக்கிறார். அமெரிக்க முறையில் மேல் வலது ஞானப்பல்லிலிருந்து 1, 2, 3 என்று 32 வரை வரிசையாக எண்ணுவார்கள். அதன்படி 14 என்பது மேல் இடது முதல் கடைவாய்ப்பல். இந்தியா உட்பட உலகின் பெரும்பகுதியில் இருப்பது வேறு முறை: முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்பதையும் இரண்டாவது இலக்கம் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பதையும் சொல்லும். அதன்படி 14 என்பது மேல் வலது முன்கடைவாய்ப்பல். பக்கமே மாறிவிட்டது. நேரில் வந்ததும் டாக்டர் பார்த்துவிடுவார் என்பது உண்மைதான். ஆனால் உத்தேசச் செலவும் நாள் கணக்கும் தப்பான பல்லுக்குப் போயிருக்கும், ஏனென்றால் இரண்டு இடத்திலும் எலும்பின் நிலையும் செய்ய வேண்டிய வேலையும் வேறு வேறு.

தீர்வு எளிது. எண்ணைக் கேட்காதீர்கள். வாயின் படம் ஒன்றைப் போட்டு, வலிக்கும் இடத்தைத் தொடச் சொல்லுங்கள். கண்ணாடியில் பார்க்கும்போது இருப்பதுபோல, படத்தின் இடப்பக்கம் ‘உங்கள் இடது’ என்று எழுதிவிடுங்கள். கிளினிக் பக்கம் அது தானாகத் தங்கள் எண்ணுக்கு மாறட்டும்.

எக்ஸ்ரே அனுப்பும் இடமும் இப்படித்தான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிப் போகிறது, வேரின் நுனியில் இருக்கும் சின்ன நிழல் அடிபட்டுப் போகலாம். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே வரும். இதை ஒரு வரியில், படத்தோடு சொல்லலாம். தளத்திலேயே பதிவேற்ற வசதி இருந்தால் இன்னும் நல்லது. உடல்நலத் தகவலை ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் தனிக் கவனத்துக்குரியதாக வைத்திருக்கின்றன, இந்தியாவிலும் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ரிசப்ஷனில் இருப்பவரின் சொந்த போனில் ஐந்நூறு பேரின் வாய்ப்படம் கிடப்பது சரியில்லை.

படிவத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய கேள்விகளும் உண்டு. சர்க்கரை இருக்கிறதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறீர்களா. கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த வகை மருந்துகளில் சில, பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்தைக் கூட்டும். அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பலர் அதைச் சாப்பிடுகிறார்கள், ஆனால் பல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். கேள்வியில் மருந்தின் வேதிப் பெயர் வேண்டாம், ‘எலும்புக்காக வாரம், மாதம், வருடம் என்று இடைவெளி விட்டு எடுக்கும் மாத்திரையோ ஊசியோ’ என்று கேட்டால் புரியும்.

## நம்பிக்கையும் எழுத்தின் அளவும்

நம்பிக்கை என்பது ‘உலகத் தரம்’ என்ற வரியால் வராது, சரிபார்க்க முடிந்த விஷயத்தால் வரும். மருத்துவர் பெயர், பி.டி.எஸ். மட்டுமா எம்.டி.எஸ். வரையா, எம்.டி.எஸ். என்றால் எந்தப் பிரிவு, மாநிலப் பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண், எந்த கம்பெனி இம்ப்ளான்ட். இவ்வளவு போதும்.

எழுத்தைப் பற்றி இரண்டே சொல். இணைய அணுகல் வழிகாட்டு நெறிகளின்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். வெள்ளையில் வெளிர்நீலம், கிளினிக்குகளுக்குப் பிடித்த அந்த ஜோடி, இந்தக் கணக்கில் அநேகமாகத் தேறாது. அறுபத்தைந்து வயதுக் கண்ணுக்கு அது வெறும் காகிதம்.

போன் செய்யச் சொல்லும் இடத்தில் நேரத்தை அவர் ஊர்க் கணக்கில் காட்டுங்கள். சென்னைக்கும் லண்டனுக்கும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேர வித்தியாசம், கோடையில் நாலரை. ‘காலை 10 முதல் மாலை 7 வரை’ என்று மட்டும் போட்டால் அந்தக் கணக்கை நோயாளி தலையில் கட்டுகிறீர்கள்.

## ஊருக்குத் திரும்பிய பிறகு

பெரும்பாலான தளங்கள் அப்பாயின்ட்மென்ட் உறுதியானதோடு முடிந்துவிடுகின்றன. நோயாளியின் பயணம் அங்கே முடிவதில்லை. ஒரு வருடம் கழித்து பர்மிங்ஹாமில் பல் ஆடுகிறது. பக்கத்து டாக்டர் பார்த்துவிட்டு, ‘இது எந்த கம்பெனித் திருகு?’ என்று கேட்கிறார். ஒவ்வொரு கம்பெனிக்கும் திருகின் தலையும் அதைத் திருப்பும் கருவியும் வேறு. பெயர் தெரியாமல் அவர் தொடத் தயங்குவார், அதில் தப்பு சொல்ல முடியாது. அதனால் தளத்தில் நோயாளிக்கென்று ஒரு லாகின் வேண்டும்: கம்பெனி பெயர், அளவு, லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்பதைக் காட்டுவது), பதித்த தேதி, கடைசி எக்ஸ்ரே, எல்லாம் ஒரே பிடிஎஃப் ஆக, ஆங்கிலத்தில். பழுது வந்தால் யார் செலவு, எத்தனை வருடம், டிக்கெட் யாருடையது என்பதும் அங்கே இருக்க வேண்டும், வருவதற்கு முன்பே படிக்கக் கிடைக்க வேண்டும்.

இங்கே நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: தளத்தின் எல்லை நோயாளியின் தேவை முடியும் இடத்தில் இருக்க வேண்டும், கிளினிக்கின் பில் முடியும் இடத்தில் அல்ல.

## சோதிப்பது எப்படி?

பயன்பாட்டுச் சோதனை என்றால் பெரிய ஆய்வகம் வேண்டாம். தளத்தைக் கையில் கொடுத்து, ஒரு வேலையைச் சொல்லி, பேசாமல் பார்ப்பதுதான் அது. ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் நம்மூரில் யாரும் நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். வேலையாகக் கொடுங்கள்: ‘உங்களுக்கு ஜனவரியில் பன்னிரண்டு நாள் லீவு. அம்மாவுக்குக் கீழ்ப்பல் இரண்டு இல்லை. எத்தனை தடவை வர வேண்டியிருக்கும், மொத்தம் எவ்வளவு என்று இதில் பார்த்துச் சொல்லுங்கள்.’ பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். கை எங்கே போகிறது, எங்கே மேலும் கீழும் உருட்டுகிறார், எப்போது வாட்ஸ்அப் பொத்தானைத் தேடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். உதவி செய்யத் துடிக்கும், செய்யாதீர்கள்.

எத்தனை பேரை வைத்து? பயன்பாட்டியல் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதிய கணக்குப்படி ஐந்து பேரை வைத்தே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும். இரண்டு வேறு வகைப் பயனர்கள் என்றால் வகைக்கு மூன்று நான்கு பேர் என்றார். நமக்கு வகை இரண்டு: வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் சிலர், அறுபது தாண்டிய பெற்றோர் சிலர். வீடியோ கால் போதும். பார்த்துத் திருத்திவிட்டு, வேறு ஆட்களை வைத்து இன்னொரு சுற்று. முதல் சுற்றில் பெரிய தடைகள் நீங்கினால்தான் அவற்றுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சின்னவை கண்ணில் படும்.

தளம் வெளியான பிறகும் ஒரு சோதனை செலவில்லாமல் நடந்துகொண்டே இருக்கும். ரிசப்ஷன் வாட்ஸ்அப்புக்கு வரும் கேள்விகளை மாதம் ஒருமுறை எடுத்து வகை பிரித்துப் பாருங்கள். ‘எத்தனை நாள் தங்கணும்?’ என்று இன்னும் வந்துகொண்டிருந்தால் நாட்கள் பக்கம் கண்ணில் படவில்லை. ‘இதுல கேப்பும் சேர்த்தா?’ என்று வந்தால் விலைப் பக்கத்தின் உடைப்பு சரியில்லை. அந்தப் பட்டியலைத்தான் வடிவமைப்பாளருக்கு அனுப்ப வேண்டும், ‘இன்னும் கொஞ்சம் மாடர்னா பண்ணுங்க’ என்ற மெசேஜை அல்ல.